மூத்த இசைத்தட்டு

“என்ன இருந்தாலும் ‘ஈரத்தரை’ மாதிரி வராதுங்க.”

பல் வைத்தியரின் சாய்வு நாற்காலியில் வாயைப் பிளந்தபடி படுத்திருந்தபோதுகூட அவள் இதைக் கேட்க வேண்டியிருந்தது. பதில் பேச முடியாதபடி ஆளைக் கிடத்திவிட்டு வைத்தியர் ஆற அமரச் சொன்னார். “உங்க வீட்டுக்காரரோட முதல் இசைத்தட்டு இருக்கே, ஒரு கிட்டார், ஒரு மேஜை, அவ்வளவுதான். ஆனா உயிர் இருந்துச்சு. இப்ப வர்றதும் நல்லாத்தான் இருக்கு, ஆட்டம் போட வசதியா. வாயைக் கொப்பளிச்சுக்குங்க.”

சொல்கிறவர்களுக்கு அது இசையைப் பற்றிய அபிப்பிராயம். அவள் காதில் மட்டும் அது வேறு மாதிரி விழும்: மூத்தாளுக்கு ஈடாகுமா இளையாள்? ஏனென்றால் ‘ஈரத்தரை’ வந்தது முதல் மனைவி அவரோடு வாழ்ந்த காலத்தில். இவள் வந்த பிறகு வந்ததெல்லாம் ‘ஜிலீர்’ வகை.

ரசிகர்கள் அவரை ‘ஏழரை’ என்பார்கள். நாலு, எட்டு என்று எல்லோர் காலுக்கும் பழகிய தாளங்களை விட்டுவிட்டு, இளவயதில் ஏழரை எண்ணிக்கையில் சுற்றிச் சுற்றி வரும் மெட்டுகளைக் கிட்டாரில் வாசித்ததால் வந்த பெயர். “பெத்தவ நான் ஆசையா ஒரு பேரு வெச்சேன். ஊரு ஏழரைன்னு கூப்பிடுது. விளங்கின மாதிரிதான்” என்று அவருடைய அம்மா அலுத்துக்கொள்வாள். இவளுக்கும் ரசிகர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: கரண்ட்டுக்காரி. இவள் ஒலிப்பதிவு செய்கிறவள். மரமும் கம்பியுமாக இருந்த மனிதரைக் கொண்டுபோய் மின்சாரத்தில் செருகியவள் இவள்தான் என்பது அவர்கள் தீர்ப்பு.

தீர்ப்பு முழுப் பொய்யும் இல்லை. ‘ஜிலீர்’ இசைத்தட்டில் டிரம்ஸ் உண்டு, டிரம்பெட் உண்டு, யந்திரத்தில் முளைத்த தாளங்கள் உண்டு. ஒரு குளிர்பான விளம்பரம் அதன் முதல் பாட்டை வாங்கிக்கொண்டது. பேருந்து நிலையத்திலும் துணிக்கடையிலும் அது ஒலித்தது. கரண்ட்டுக்காரிக்கு அதில் பெருமைதான், யாராவது முதல் தட்டைப் பற்றிப் பேசும்வரை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வானொலியில் ஒரு நிகழ்ச்சி. தொகுப்பாளர் ‘ஈரத்தரை’யிலிருந்து ஒரு பாட்டு, ‘ஜிலீரி’லிருந்து ஒரு பாட்டு என்று மாற்றி மாற்றிப் போட்டு, “இரண்டையும் வாசித்தது ஒரே மனிதர்தானா? அந்த மனிதர் எங்கே போனார்?” என்று உருக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எங்கயும் போகல, பாத்ரூம்ல இருக்கான்” என்று வானொலிக்குப் பதில் சொன்னாள் மாமியார். சொல்லிவிட்டுச் சத்தத்தைக் கூட்டினாள்.

“அத்தை, கொஞ்சம் குறைங்க. தலைவலிக்குது.”

“பழசு போடும்போது உனக்கு ஏன்டி தலைவலி வருது?”

கரண்ட்டுக்காரி பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. இருந்த ஆத்திரத்தில் ஏற்கெனவே கழுவிய டம்ளரையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அதே வாரம் இசைத்தட்டுக் கம்பெனி மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். ‘ஈரத்தரை’யைப் புதுப்பித்து மறுபடி வெளியிடப் போகிறார்கள். மூல டேப்புகள் பழசாகி அவற்றில் இரைச்சல் ஏறிவிட்டது, சுத்தம் செய்ய வேண்டும். வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வெளியே எதற்குத் தேட வேண்டும் என்று கேட்டார். ஏழரை ரிசீவரைப் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

“வேற யார்கிட்டயாவது குடுத்துடலாமே. உனக்கு ஏற்கெனவே வேலை அதிகம்.”

“ஏன், என் கை பட்டா ஒட்டிக்குமா?”

“ஐயோ, அப்படியெல்லாம் இல்லம்மா. நீ செய்யணும்னா தாராளமா செய்.”

அதுதான் அவர். எதிலும் தாராளம். திருமணமான நாளிலிருந்து அவள் சொன்ன எதையும் அவர் மறுத்ததில்லை. திரைச்சீலை நிறம், வீட்டு வாடகை ஒப்பந்தம், பாட்டில் டிரம்பெட் சேர்ப்பது, எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: நீ பாத்துப் பண்ணிடும்மா. தோழிகள் அவளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

ஒலிப்பதிவுக் கூடம் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. சன்னல் கிடையாது. சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சுத் தகடு, நடுவில் பொத்தான்களும் ஒலியை ஏற்றி இறக்கும் தள்ளுகட்டைகளும் நிறைந்த நீள மேஜை, மூலையில் ஸ்பிரிங் எட்டிப் பார்க்கும் சோபா, ஒரு பக்கம் கண்ணாடித் தடுப்பு, அதற்கு அப்பால் வாசிப்பவர்களுக்கு ஒரு சின்ன அறை. டேப்பை ஓட விட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கரண்ட்டுக்காரி குறை கண்டுபிடிக்கத் தயாரானாள்.

ஏழரையும் முதல் மனைவியும் குடியிருந்த வாடகை வீட்டுச் சமையலறையில் பதிவானது அது. குழாய் ஒழுகி எந்நேரமும் தரை ஈரமாக இருந்ததால் தட்டுக்கு அந்தப் பெயர். கிட்டார் அவர். முதல் மனைவி சமையல் மேஜையை விரல்களால் தட்டித் தாளம் கொடுத்திருந்தாள். அவள் பாடகியும் அல்ல, வாத்தியக்காரியும் அல்ல. அப்போது கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். இன்று ஊர் அறிந்த மாட்டு டாக்டர்.

முதல் பாட்டு முடிவதற்குள் கரண்ட்டுக்காரிக்குத் தெரிந்துவிட்டது. வைத்தியர் சொன்னது சரி. வானொலிக்காரர் சொன்னதும் சரி. கம்பியின்மேல் விரல் நகரும் உராய்வுகூடக் கேட்டது. ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் அவர் இடம் விட்டிருந்தார். அந்த இடத்தில் அடுத்த சுரம் எங்கே விழும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. விழ வேண்டிய இடத்துக்கு அரை எண்ணிக்கை தள்ளி அது விழும்போது உடம்பு சிலிர்த்தது. ‘ஜிலீரி’ல் அப்படி ஓர் இடைவெளி கிடையாது. இருந்த இடைவெளிகளையெல்லாம் இவள் பார்த்துப் பார்த்து அடைத்திருந்தாள். அதில் அவருடைய கிட்டார், சொந்த வீட்டிலேயே விருந்தாளி மாதிரி, கூப்பிடும்போது வந்து தலைகாட்டிவிட்டுப் போகும்.

காது இல்லாதவளாக இருந்திருந்தால் ‘பழைய பஞ்சாங்கம்’ என்று தள்ளிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவளுக்குக் காது இருந்தது. அதுதான் சனியன்.

மூன்றாவது பாட்டில் ஒரு பெண்குரல் வந்தது. வார்த்தை இல்லாத, தணிந்த ஒரு முனகல். ரசிகர்கள் உருகி உருகிக் கட்டுரை எழுதும் முனகல் அது. ‘அந்தக் குரல்தான் ஈரத்தரையின் ஆத்மா’ என்று ஒருவர் எழுதியதை இவளே படித்திருக்கிறாள். டேப்பில் ஏறியிருந்த மின்சார இரைச்சலும் ஏறக்குறைய அதே உயரத்தில்தான் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. இரைச்சலை மட்டும் எடுப்பது கடினம். முடியாதது அல்ல, கடினம். கரண்ட்டுக்காரி கடினமான வழியில் போகவில்லை. இரைச்சலோடு ஆத்மாவையும் வழித்து எடுத்துவிட்டாள். “டெக்னிக்கலா வேற வழி இல்ல” என்று காலி அறையைப் பார்த்துச் சொல்லியும் பார்த்துக்கொண்டாள். நன்றாகத்தான் ஒலித்தது.

தட்டில் மாட்டு டாக்டரின் பெயரும் இருந்ததால், வெளியிடுமுன் அவளும் கேட்டுச் சம்மதம் சொல்ல வேண்டும் என்றது கம்பெனி. ஒரு பிற்பகல் அவள் வந்தாள். கரண்ட்டுக்காரி மனத்தில் வைத்திருந்த உருவத்துக்கும் வந்தவளுக்கும் சம்பந்தமே இல்லை. கட்டை உருவம், குட்டை முடி, ரப்பர் செருப்பு, கையில் கிருமிநாசினி வாசனை. ஏதோ பண்ணையிலிருந்து நேராக வந்திருந்தாள். அழகியாக இருந்திருந்தால்கூடத் தேவலை என்று இவளுக்குத் தோன்றியது. அழகியின்மேல் பொறாமைப்படுவது சுலபம்.

ஏழரை சோபாவில் வழக்கம்போல் சரிந்து உட்கார்ந்திருந்தார். மாட்டு டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டாள். மூன்றாவது பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்தாள்.

“என் முனகலைக் காணோம்.”

கரண்ட்டுக்காரி டேப்பை நிறுத்தினாள். “பழைய டேப்ல இரைச்சல் நிறைய இருந்துச்சு. அதை எடுக்கும்போது...”

“நல்லதாப் போச்சுங்க. அன்னிக்கு எனக்குச் சரியான மூக்கடைப்பு. மூச்சு விட முடியாம முனகிட்டிருந்தேன். அதைப் போய் தெய்வீகம், ஆத்மான்னு எழுதறாங்க. எனக்கே வெக்கமா இருக்கும்.”

“யாரு எடுக்கச் சொன்னா?”

குரல் சோபாவிலிருந்து வந்தது. ஏழரை எழுந்து நின்றிருந்தார். முகம் சிவந்திருந்தது. கரண்ட்டுக்காரி பதில் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அவர் அவளைப் பார்க்கவில்லை. மாட்டு டாக்டரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நான் எங்க சொன்னேன்? எடுத்தது நல்லதுன்னு சொல்றேன்.”

“உனக்கு எப்பவுமே எடுக்கறதுதான் நல்லது. இதை எடு, அதை எடுன்னு கடைசில எலும்புதான் மிச்சம்.”

“அந்த எலும்பைத்தான் இன்னிக்கும் எல்லாரும் தேடித் தேடிக் கேக்கறாங்க.”

“அன்னிக்கு நாலாவது பாட்டுல நடுப்பகுதி முழுசையும் வெட்டிட்டல்ல? எவ்வளவு யோசிச்சு வெச்சிருந்தேன் தெரியுமா?”

“அது பகுதியா? எனக்கு எவ்வளவு வாசிக்கத் தெரியுது பாருன்னு நீ காட்டிக்கிட்டது அது. செம்மறி ஆடு மாதிரி நிக்காம ஓடுவ.”

“ஓடினேனா? நான் ஓடினேனா?” அவர் சுவரில் சாய்த்திருந்த கிட்டாரை எடுத்து, நின்ற நிலையிலேயே வாசிக்க ஆரம்பித்தார். வெட்டப்பட்ட அந்தப் பகுதி அத்தனை வருடமும் விரலிலேயே இருந்திருக்கிறது. மாட்டு டாக்டர் பக்கத்திலிருந்த மர முக்காலியில் தட்டிக்கொண்டே வந்தாள்.

“இதோ. இங்க. இங்கதான்டா ஓடற.”

அவர் நின்றார். முறைத்தார். பின்னால் போய் அந்த இடத்தை மறுபடி வாசித்தார், இப்போது ஓடாமல், ஒவ்வொரு சுரத்தையும் விழ விட்டு, எழுந்திருக்க விட்டு. அந்த அறையில் அப்படி ஒரு வாசிப்பைக் கரண்ட்டுக்காரி கேட்டதே இல்லை. தன் கணவருக்கு இப்படி ஒரு முகம் உண்டு என்றும் அவளுக்குத் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு, நெற்றி வேர்த்து, பத்து வயது குறைந்துபோய் நின்றார். எதிரில் மைக் இருந்தது. பதிவுப் பொத்தான் அவள் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் இருந்தது. தொழில் பழகிய கை தானாக அதன்மேல் போயிற்று. போய் அப்படியே நின்றது. அவள் அழுத்தவில்லை. வாசிப்பு காற்றோடு போயிற்று.

“ம்,” என்றாள் மாட்டு டாக்டர். “இப்ப பரவால்ல. இப்படி வாசிச்சிருந்தா அன்னிக்கே வெட்டியிருக்க மாட்டேன்.”

வாசல்வரை கரண்ட்டுக்காரிதான் அவளுடன் போனாள். படியில் செருப்பை மாட்டிக்கொண்டே மாட்டு டாக்டர் கேட்டாள்: “உங்ககிட்டயும் இப்படித்தான் கத்துவானா?”

“இல்ல. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டார்.”

“நிஜமாவா?” மாட்டு டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். “அப்ப நீங்க குடுத்து வெச்சவங்க.” கேலி ஏதும் இருக்கிறதா என்று கரண்ட்டுக்காரி அந்த முகத்தில் தேடினாள். ஒன்றும் தெரியவில்லை. அதற்குள் மாட்டு டாக்டர் பாதிப் படி இறங்கியிருந்தாள்.

உள்ளே ஏழரை சோபாவில் பழையபடி சரிந்திருந்தார். முகத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது.

“இப்ப வாசிச்சேனே, பதிவு பண்ணியா?”

“இல்ல.”

திட்டப் போகிறார் என்று நினைத்தாள். திட்ட வேண்டும் என்று விரும்பினாள்.

“சரி, பரவால்ல. அந்த முனகலை மட்டும் திரும்ப வெச்சுடறியா? உனக்குக் கஷ்டம்னா வேண்டாம்.”

அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. அவர் இன்னொருத்தியை விரும்புகிறார் என்றால் ஊரைக் கூட்டலாம், அம்மா வீட்டுக்குப் போகலாம். இவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. மாட்டு டாக்டர் போன பிறகு அவர் அவள் பேச்சையே எடுக்கவில்லை. அவளோடு சண்டை போடுகிறார், அவ்வளவுதான். தன் கணவர் வேறொருத்தியோடு சண்டை போடுகிறார் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

வீட்டில் அவள் முயன்று பார்த்தாள். சாப்பாட்டு மேஜையில், அவர் புதிதாகப் போட்டிருந்த மெட்டு சப்பென்று இருக்கிறது என்றாள்.

“அப்படியா? மாத்திடலாம்.”

“மாத்தாதீங்க. நான் சொன்னா உடனே மாத்திடுவீங்களா? உங்களுக்குன்னு ஒரு எண்ணம் கிடையாதா?”

“சரி, மாத்தல.”

மாமியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஏன்டி, அவன் வாயில விரலை வெச்சாக் கடிக்கத் தெரியாதவன். அவன்கிட்ட எதுக்கு இப்படி மல்லுக்கட்டற?”

“அத்தை, அவருக்குக் கடிக்கத் தெரியும். நான் பாத்தேன்.” சாதத்தைப் பிசைந்தபடி அவள் அவர் பக்கம் திரும்பினாள். “அவங்ககிட்ட அவ்வளவு சண்டை போடறீங்க. என்கிட்ட ஏன் போட மாட்டேங்கறீங்க?”

அவர் சாப்பாட்டுத் தட்டை ஓரமாக நகர்த்தினார். பிறகு சொன்னார்: “போட்டுப் போட்டுத்தான் அவ போனா. ஒவ்வொரு பாட்டுக்கும் சண்டை. கடைசில பாட்டு இல்லாத நேரத்துலயும் சண்டை. நீ வந்தப்போ, இனிமே வாயைத் திறக்கறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். நீ இருக்கணும் எனக்கு.”

மாமியார் மூக்கை உறிஞ்சினாள். எந்த மனைவியும் கேட்டு நெகிழ வேண்டிய பேச்சு. கரண்ட்டுக்காரியும் நெகிழ்ந்தாள்தான். ஆனால் நெகிழ்ந்து முடிப்பதற்குள் உள்ளே ஒரு கணக்கு ஓடியது: அவளுக்குப் பாட்டு, எனக்கு அமைதி. இந்தப் பங்கில் ஏமாந்தவள் யார்?

முனகலைத் திரும்ப வைத்தாள். கடினமான வழியிலேயே போய், இரைச்சலை இழை இழையாகப் பிரித்து எடுத்தாள். புதிய ‘ஈரத்தரை’ வெளிவந்தது. ஞாயிறு இதழில் பெரிய விமர்சனம். முதலில் வழக்கமான ஒப்பீடு: அன்று மௌனத்தை வாசித்த மனிதர் இன்று மௌனத்துக்குப் பயந்து சத்தம் போடுகிறார் என்று. கடைசிப் பத்தியில், ‘பழைய ஒலியை இவ்வளவு மரியாதையோடு மீட்டெடுத்த கைகளுக்கு நன்றி’ என்றும் எழுதியிருந்தார்கள். ஏழரை அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

“பாத்தியா, உன்னைப் பத்தி!”

அவள் வேலையை யாரும் அச்சில் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அதுவும் அவள் இல்லாத ஒரு தட்டுக்காக.

அடுத்த தட்டுக்கான பதிவு தொடங்கியது. டிரம்ஸ்காரரும் கீபோர்டுக்காரரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாராக இருந்தார்கள். ஏழரை வாசித்து முடித்துக் கட்டைவிரலை உயர்த்தினார். “ஓகேதானே? மிச்சத்தை நீ பாத்துப் பண்ணிடும்மா.”

கரண்ட்டுக்காரி தள்ளுகட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினாள். டிரம்ஸ் போயிற்று. கீபோர்டு போயிற்று. யந்திரத் தாளம் போயிற்று. கிட்டாரை மட்டும் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். மேலே போர்த்தியிருந்ததை எடுத்ததும் அடியில் இருந்தது தெரிந்துவிட்டது. தூக்கத்தில் நடப்பது போன்ற வாசிப்பு.

“கேளுங்க. இதுக்கு மேல நான் எவ்வளவு ஜிகினா ஒட்டறது?”

“ஏன், நல்லாத்தானே...”

“நல்லா இல்ல. நான் பாத்துப் பண்ண மாட்டேன். இதுல பண்ண ஒண்ணும் இல்ல. நீங்க வாசிக்கவே இல்ல.”

“சரி, இன்னொரு தடவை...”

“சரி சொல்லாதீங்க! எதுக்கெடுத்தாலும் சரி! ஊரெல்லாம் நான் உன்னைக் கெடுத்துட்டேன்னு சொல்றாங்க. நான் என்ன கெடுத்தேன்? நீ விட்டுட்ட. நீ விட்ட இடத்தையெல்லாம் நான் அடைச்சேன், அவ்வளவுதான்.”

டிரம்ஸ்காரர் தன் செருப்பைக் கவனமாகப் பார்த்தார். ஏழரை ஹெட்போனைக் கழற்றினார். முகம் சிவந்தது. அவள் ஒரு பிற்பகல் முழுக்கப் பார்த்துப் பொருமிய அதே சிவப்பு.

“அவளுக்குக் காது இருந்துச்சு,” என்றார். “உன்கிட்ட மெஷின்தான் இருக்கு.”

சொல்லிவிட்டு வெளியே போனார். பஞ்சுத் தகடு அடித்த கனமான கதவு சத்தமில்லாமல் மூடியது.

அவளே கேட்டு வாங்கியதுதான். ஆனால் இவ்வளவு ஆழமாக இறங்கும் என்று எதிர்பார்க்கவில்லை. மின்சாரத்தில் கை வைத்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். கீபோர்டுக்காரர் மெல்ல எட்டிப் பார்த்து, “அக்கா, பிரேக் விட்டுக்கலாமா?” என்றார். எல்லோரும் கீழே டீ குடிக்கப் போனார்கள். இவள் மட்டும் போகவில்லை. போய்விட்டாரோ என்று பயந்தாள். முதல் மனைவிக்கும் இப்படித்தான் தொடங்கியிருக்குமோ என்று நினைத்தாள். அப்படியும், தான் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

டீக்குப் போனவர்கள் வருவதற்கு முன்பே அவர் வந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. கிட்டாரை எடுத்துக் கம்பியை முறுக்கினார்.

“போடு. அவங்க வேண்டாம். நான் மட்டும்.”

இந்த முறை அவள் பொத்தானை அழுத்தினாள். அவர் கோபத்தில் வாசித்தார். பாதியில் தாளம் ஏழரையாகத் திரும்பியது. ‘ஈரத்தரை’ இல்லை அது. அந்த விரல்களுக்கு இப்போது வயதாகியிருந்தது. ஆனால் தூக்கம் கலைந்திருந்தது.

முடித்துவிட்டு அவர் கண்ணாடி வழியாக நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு வருடத்தில் முதல் தடவையாக, அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. அது அவர் முகத்தில் எழுதியிருந்தது.

“நடுவுல ஓடற,” என்றாள் அவள்.

“எங்க?”

“மறுபடி வாசி. சொல்றேன்.”

“ஓடல.”

“ஓடின.”

அவர் ஏதோ முணுமுணுத்தார்; மைக்கில் அது தெளிவாகவே விழுந்தது, நல்ல வார்த்தை இல்லை. ஆனாலும் மறுபடி வாசித்தார். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். மெஷின் என்று அவர் சொன்ன சொல் நெஞ்சில் இன்னும் குத்திக்கொண்டுதான் இருந்தது. மாட்டு டாக்டர் இந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பாள் என்ற யோசனை வந்தது. அதைப் பிடித்து வெளியே தள்ளினாள். தள்ளத் தள்ள வந்தது. டீ குடித்துவிட்டு வந்த டிரம்ஸ்காரர் கதவைப் பாதி திறந்து, உள்ளே நடப்பதைப் பார்த்துவிட்டு, நைசாக மூடிக்கொண்டு போனார்.